அக்காவின் கருப்பைக்குள் ஒரு நடுச்சுவர்

திருமணமான முதல் ஆண்டின் ஆடி மாதத்தில் அக்காவை முடிச்சூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. புது மணப்பெண் ஆடியில் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பது இரு வீட்டாருக்கும் பொதுவான வழக்கம். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். வந்த இரண்டாம் வாரத்தில், தான் ஆனியிலேயே கருவுற்றிருந்தது அக்காவுக்குத் தெரிந்தது. மூன்று மாதம் நிறையும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் அம்மா. அதுவும் இரு வீட்டாருக்கும் பொதுவான வழக்கமே.

சொல்வதற்கான நாள் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உதிரப்போக்கு தொடங்கியது. அம்மாவும் நானும் அக்காவை அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு இல்லை என்றார்கள். பிற்பகலில் கருப்பையைச் சுத்தம் செய்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கே அம்மா முடிவெடுத்தார். ஆடிக்கு அழைத்து வந்த இடத்தில் பிள்ளை போயிற்று என்றால் பேச்சு முழுவதும் நம் வீட்டின் மேல்தான் வரும். ஆகவே காய்ச்சல் என்று சொன்னால் போதும். கணவரிடம் மட்டுமாவது சொல்லிவிடுகிறேன் என்று அக்கா கேட்டாள். அவரிடம் சொல்வதும் அவருடைய தாயாரிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று அம்மா மறுத்துவிட்டார். பள்ளி ஆசிரியரான அப்பாவிடமும் காய்ச்சல் என்றே சொல்லப்பட்டது. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பெண்கள் மட்டும். அவர்களுள் நான் இளையவள். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் வந்தார். அவரை நான் மாமா என்று அழைப்பேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு மேற்பார்வையாளர், அதிகம் பேசாதவர். கையில் டிபன் கேரியரோடு நின்றார். மருமகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவருடைய அம்மா நண்டு ரசம் வைத்து அனுப்பியிருந்தார். அக்காவின் மாமியாரான அவரை நானும் அத்தை என்றே அழைப்பது வழக்கம். கோவளத்துக்கு அருகே ஒரு குப்பத்தில் பிறந்து, இளவயதில் கணவரை இழந்து, மீன் விற்று மகனைப் படிக்கவைத்தவர். எங்கள் குடும்பமும் அதே கடற்கரையைச் சேர்ந்ததுதான். அப்பா ஒரு தலைமுறை முந்திக்கொண்டு ஆசிரியராகித் தாம்பரம் வந்துவிட்டதால், நாங்கள் சற்று உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் அம்மாவுக்கு உண்டு. அக்கா போர்வையைப் போர்த்துக்கொண்டு, கணவர் பார்த்திருக்க, அந்த ரசத்தை ஒரு சொட்டு மீதம் வைக்காமல் குடித்தாள்.

அன்று மாலை ஸ்கேன் தாளை என்னிடம் கொடுத்துக் கிழித்துப்போடச் சொன்னார் அம்மா. எழுத்துள்ள தாளைக் கிழிப்பது எனக்கு அப்போதும் இயலாத காரியம். படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஆறு வரிகள். கருப்பை என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வினாக்குறி. அதற்கடுத்து 'செப்டேட்' என்ற சொல். மேலும் பரிசோதிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்பது கடைசி வரி. என்னிடமிருந்த அகராதியில் அந்தச் சொல் இல்லை. இல்லை என்று கண்டதோடு நிறுத்திக்கொண்டு, தாளை என் சான்றிதழ்க் கோப்பில் செருகி வைத்தேன். நடந்த தவறில் என் பங்கு இது. அம்மாவின் பங்கைவிடச் சிறியது என்று நான் ஒருபோதும் வாதிட்டதில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அக்கா இருமுறை கருவுற்றாள். இரண்டும் முடிச்சூர் வீட்டில் இருந்தபோது போயின. ஒன்று மூன்றாம் மாத இறுதியில், மற்றொன்று நான்காம் மாதத்தில். மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அத்தை மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு உடன் செல்வார். மருமகளின் மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக் கடை ரசீது வரை அனைத்தும் அந்தப் பைக்குள் இருந்தன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எது தேவைப்படும் என்று தெரியாததால் எதையும் எறியமாட்டார். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் அவரே விடை சொல்வார். இதற்கு முன் எத்தனை என்று முதன்முறை கேட்டபோது, ஒன்றுமில்லை, இதுதான் தலைச்சன் என்றார். அக்கா வாய் திறக்கவில்லை.

ஒரு முறை இப்படி நேர்வது சகஜம், மீண்டும் முயலலாம் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அடுத்த இழப்புக்குப் பிறகு இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார். அனைத்தும் சரியாக இருந்தன. காரணம் சொல்வதற்குத் தெருவில் ஆள் பஞ்சமில்லை. நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் அக்காவுக்கு வேலை. தினமும் கம்பெனிப் பேருந்தில் போய்வருவாள். அந்தப் பேருந்தின் குலுங்கல்தான் காரணம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பப்பாளி என்றாள் எதிர்வீட்டுக்காரி. அக்கா வேலையை விட்டாள். பப்பாளி அவளுக்கு முன்பும் பிடிக்காது.

முதுகலை வகுப்பில் சேர்வதற்காகச் சான்றிதழ்க் கோப்பைத் திறந்தபோது அந்தத் தாள் கைக்கு வந்தது. இம்முறை நான் நிறுத்திக்கொள்ளவில்லை. தாம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குச் சென்று, அரை மணி நேரத்துக்கு ஓர் இருக்கை எடுத்து, அச்சொல்லைத் தட்டச்சு செய்தேன். இணையம் மெதுவாக இருந்தது. பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் திறந்தது. சில பெண்களுக்குப் பிறவியிலேயே கருப்பையின் நடுவே ஒரு தசைச்சுவர் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கரு அந்தச் சுவரில் ஒட்டினால் போதிய இரத்தம் கிடைக்காமல் சிதைய நேரலாம். வயிற்றைத் திறக்காமலே அந்தச் சுவரை வெட்டி அகற்ற முடியும். நேரம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் இருமுறை சொன்னார். நான் இன்னொரு அரை மணிக்கு இருக்கையை நீட்டித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. முடிச்சூர் வீட்டின் மொட்டைமாடியில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அரைகுறையாய் எழும்பிய வீடுகள். அவற்றுக்கிடையே விற்காமல் எஞ்சியிருந்த ஒரு வயலில் கொக்குகள் நின்றன. தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, படித்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தாளை இருமுறை படித்தாள்.

"ரெண்டு வருஷமா இது உன் ஃபைல்லயா இருந்துது?"

"ஆமா."

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போவதாகவும், வழக்கம்போல அத்தையும் வருவார் என்றும் சொன்னாள். மருந்து வாங்குவதாகச் சொல்லி அத்தையை வெளியே அழைத்துப்போய்விடுகிறேன், அந்த நேரத்தில் நீ மருத்துவரிடம் சொல்லிவிடு என்றேன். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த திட்டம் அது.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் அக்கா. "பேப்பரை மட்டும் எடுத்துட்டு வா."

திங்கட்கிழமை மருத்துவரின் அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் அக்கா; அவளுக்கு வலப்பக்கம் மஞ்சள் பையோடு அத்தை. மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவுகளை மறுபடியும் பார்த்துவிட்டு, இரண்டு இழப்புதானே, இன்னும் ஒரு முறை முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். அவள் அதை மேசைமேல் வைத்து மருத்துவரின் பக்கமாகத் திருப்பினாள்.

"ரெண்டு இல்ல மேடம், மூணு. முதல்ல ஒண்ணு எங்க அம்மா வீட்ல போச்சு. இவங்க யாருக்கும் தெரியாது."

மருத்துவர் தாளைப் படித்தார். அத்தை அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மஞ்சள் பையின் வாயைச் சுற்றிக்கட்டி மடியில் வைத்துக்கொண்டார். இந்த அறிக்கை எப்போது எடுத்தது என்று மருத்துவர் கேட்டார். தேதியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கோபமில்லாமல், ஆனால் எதையும் குறைக்காமல் பேசினார். "இதை மொதல்லயே காட்டியிருந்தா அப்பவே ஆபரேஷன் பண்ணியிருப்பேன்னு சொல்லமாட்டேன். ஆனா கண்டிப்பா உள்ள பார்த்திருப்பேன்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் வரைந்தார். தாயின் வயிற்றில் பெண் குழந்தை உருவாகும்போது இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரே கருப்பையாகின்றன, சேர்ந்தபின் நடுவில் இருக்கும் சுவர் கரைந்துவிட வேண்டும், சிலருக்குக் கரைவதில்லை. அவர் சொன்னதில் நான் எதிர்பாராதது ஒன்று இருந்தது. இதே போலத் தோன்றும் வேறொரு குறையும் உண்டு. அதில் கருப்பையே மேற்புறம் பள்ளமாகி இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும். அங்கே சுவர் என்று வெட்டப்போனால் கருப்பை துளைபட்டுவிடும். மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே மயக்கம் கொடுத்து, தொப்புள் வழியாக ஒரு குழாயை விட்டு, கருப்பையை வெளியிலிருந்து பார்க்க வேண்டும். மேற்புறம் சமமாக இருந்தால் கீழ்வழியாக இன்னொரு குழாயை விட்டுச் சுவரை வெட்டலாம். பள்ளம் இருந்தால் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

"அதைத் தூங்கவச்சு உள்ள பார்த்தப்புறந்தான் சொல்வேன்" என்றார். "எடுத்தாலும் குழந்தை கண்டிப்பா தங்கும்னு எழுதித் தர முடியாது. ஆனா இவங்களை மாதிரி வந்தவங்க இடுப்புல குழந்தையோட திரும்பி வந்து என்கிட்ட காட்டியிருக்காங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அத்தை ஓரமாக அமர்ந்தார். முடிச்சூர் சாலையின் பள்ளங்கள் முடியும்வரை மஞ்சள் பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வசவு வரப்போகிறது என்று எதிர்பார்த்து, அதற்கு மறுமொழியாக ஒரு முழு வாக்கியத்தை நான் மனத்துக்குள் அமைத்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆடியில காய்ச்சல்னு சொன்னீங்களே, அப்பவா?"

"ஆமா அத்தே" என்றாள் அக்கா.

"நண்டு ரசம் வெச்சு அனுப்ச்சேனே. அத்த குச்சப்புறமா போச்சு?"

நண்டு சூடு என்பது அவர் ஊர் நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள். கேட்டபோது அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. மருத்துவர் படம் வரைந்து விளக்கிய நேரம் முழுவதும் இந்தக் கேள்விதான் அவருக்குள் இருந்திருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

"இல்ல அத்தே. வெள்ளிக்கிழமையே போயிடுச்சு. ரசம் வந்தது ஞாயித்துக்கிழமை."

"நெசமா? என் மன்சு நோவும்னு சொல்றியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கியது, பிற்பகலில் முடிந்துவிட்டது, ஸ்கேன் தாளின் தேதியும் அந்த வெள்ளிக்கிழமைதான், ரசம் இரண்டு நாள் கழித்து வந்தது என்று சொன்னேன். தேதிகளை நான் மாற்றிச் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். மூச்சை விட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கோபம் வந்தது. அதுவும் நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை.

"சொல்லிருந்தா ஒடம்பு தேற சொறா புட்டு செஞ்சு அனுப்ச்சிருப்பேன்ல. வயிறு காலியானவளுக்குப் போயி நண்டு ரசத்தைக் குட்துகீறேன். இன்னா மன்ஷிங்க நீங்க?"

மாமாவிடம் அன்று மாலை அக்கா தானே சொன்னாள். அவர் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். வந்து, எந்த ஞாயிற்றுக்கிழமை தான் வந்தேன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார். "பக்கத்துலதான உக்காந்திருந்தேன்" என்றாராம். சில நாள் அவர்களிடையே பேச்சு குறைந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் நாளில் மாமா எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து நின்றார். என் அம்மாவோடு அத்தை பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூட மகனைக்கொண்டுதான் அழுத்தவைப்பார். அம்மா எடுத்தால் ரிசீவரை மருமகளிடம் நீட்டிவிடுவார்.

மாதவிலக்கு முடிந்த உடனே, கருப்பையின் உட்பூச்சு மெல்லியதாக இருக்கும் நாளில் செய்ய வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்தார். அன்று அஷ்டமி. அத்தை அஷ்டமியில் புதுப் புடவைகூட உடுத்தாதவர். முதல் நாள் இரவே தினசரிக் காலண்டரில் அன்றைய தாளோடு அஷ்டமித் தாளையும் சேர்த்துக் கிழித்துச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டார்.

அறுவை அரங்கின் வெளியே இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் அம்மா, எதிரே இருந்ததில் அத்தை. நானும் மாமாவும் நின்றோம். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. கதவு விரைவில் திறந்தால் கருப்பையின் மேற்புறம் பள்ளம். வெட்டாமல் வந்துவிட்டார்கள் என்று பொருள். நேரமானால் வெட்டுகிறார்கள். இதை மாமாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவரும் என்னைப் போலவே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கதவு திறந்தது. பச்சைப் புடவை கட்டிய ஆயா ஒருவர் வெளியே வந்தார்.

"இன்னாம்மா, பேயைப் பாத்த மாரி மூஞ்சிய வெச்சிகினு கீற?" என்றார்.

முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க முடிஞ்சுது? இப்பதான் டிவி பொட்டியில பாத்துகினு, கீய வயியா இன்னாத்தயோ உட்டு நறுக்கினுகீறாங்க. எனக்கு அங்க வேல இல்ல. டீ குடிக்கப் போறேன், வயிய உடு."

நறுக்குகிறார்கள் என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்த ஒரே சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் அதுதான். மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். நடந்தது இன்னதென்று தெரியாத அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில், என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஒரே நேரத்தில் கேட்டுவிட்டதை உணர்ந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முக்கால் மணி நேரத்தில் மருத்துவர் வந்தார். கருப்பையின் மேற்புறம் சமமாக இருந்தது என்றும், பாதிக்கு மேல் இறங்கியிருந்த சுவரை முழுவதும் வெட்டியாயிற்று என்றும் சொன்னார். சிறிய படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் காட்டினார். முதல் படத்தில் இரண்டு இருண்ட குகைகள், நடுவே வெளிறிய ஒரு தூண். கடைசிப் படத்தில் ஒரே அறை. அத்தை அந்தத் தாளை வாங்கி, கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். படம் என்பதால் அவரால் படிக்க முடிந்த முதல் மருத்துவ அறிக்கை அது. பிறகு மஞ்சள் பைக்குள் வைத்தார்.

புண் ஆறுவதற்கும் உட்பூச்சு வளர்வதற்கும் மாத்திரை தந்தார்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மறுபடியும் உள்ளே பார்த்து, வெட்டிய இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்தார்கள். அதற்கடுத்த இரண்டாம் மாதம் அக்காவுக்கு நாள் தள்ளியது.

நான்காவது கர்ப்பத்தை அத்தை நடத்திய முறை வேறு. ஐந்தாவது வாரத்திலேயே தெரு முழுவதும் சொல்லிவிட்டார். காய்கறி வண்டிக்காரரிடம் சொன்னார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் அமர்ந்தவர்களிடம் சொன்னார். கோவளத்திலிருந்து வரும் உறவினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். மூன்று மாதம் நிறையாமல் இப்படிப் பறை அடித்தால் கண்பட்டுவிடாதா என்று பக்கத்து வீட்டுக்காரி கண்டித்தாள்.

"மூடி வெச்சுதான் மூணு போச்சு" என்றார் அத்தை. "இத்த ஊரக் கூட்டிகினே பெத்துக்கறோம். உனுக்கு இன்னா பேஜார்?"

அக்கா முதலில் கூசினாள். பிறகு பழகிக்கொண்டாள். எனக்கு அந்த வாரங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. பத்தாவது வாரம் கடந்தது. பதின்மூன்றாவது வாரம் கடந்தது. முன்பு கடைசியாக இழந்தது பதினாறாவது வாரத்தில். அந்த வாரம் முழுவதும் நான் கல்லூரி முடிந்ததும் மின்ரயிலில் இறங்கி நேரே முடிச்சூர் சென்று, இருட்டும் முன் திரும்பினேன். என் பாடநூலைப் படித்துக்கொண்டிருப்பேன்; அக்கா பக்கத்தில் படுத்திருப்பாள். பதினேழாவது வாரத்தின் முதல் நாள், "நாளைக்கு நீ வர வேணாம். உன் பாடத்தைப் பாரு" என்றாள். நான் அறிந்த வரையில், அறுவைச் சிகிச்சை பலித்துவிட்டது என்று அவள் நம்பிய நாள் அதுதான்.

எட்டாம் மாதத்தில் குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை. தலை மேலே, விலா எலும்பின் கீழ் இருந்தது. இப்படிப்பட்ட கருப்பையில் இது எதிர்பார்க்கக்கூடியதே என்று மருத்துவர் சொல்லி, சிசேரியனுக்கு நாள் குறித்தார். அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே, ஒரு முற்பகலில், பனிக்குடம் உடைந்தது. நான் கல்லூரியில் உள்தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். துறை அலுவலகத்துக்கு மாமாவின் அழைப்பு வந்து, நர்சிங் ஹோமை நான் அடைந்தபோது குழந்தை பிறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. எடை சற்றுக் குறைவு, அழுகை குறைவில்லை. வெட்டிய இடத்தில் தழும்புகூடத் தெரியவில்லை என்று மருத்துவர் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள்தான் சிக்கல் எழுந்தது. தலைப்பிரசவம் முடிந்தவள் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போவது மாற்றமில்லாத வழக்கம். அம்மா எங்கள் வீட்டின் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, வேப்பிலை வரை பறித்து வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் தாள் வந்ததும் அத்தை அக்காவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பிள்ளை முடிச்சூருக்குத்தான் வரும் என்றார். ஓராண்டுக்கும் மேலாக என் அம்மாவிடம் பேசாதவர் அவரை நேராகப் பார்த்துப் பேசிய முதல் சொற்கள் இவை:

"அங்க நடந்தது எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே எது நடந்தாலும் என் கண்ணு முன்னாடி நடக்கட்டும்."

அம்மாவின் முகம் சுருங்கியது. ஊரில் என்ன சொல்வார்கள், பெற்றவள் இருக்கும்போது என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். இது என் வாயிலிருந்து வர வேண்டியது அன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டிலில் படுத்தபடியே, தையல் வலிக்காத அளவுக்கு மெதுவாக, அக்காதான் சொன்னாள்:

"அம்மா, நீ முடிச்சூருக்கு வந்து இரேன்."

பெண் கொடுத்த வீட்டில் என் அம்மா தண்ணீரைத் தவிர வேறெதுவும் அருந்தியதில்லை. அங்கே பாய் விரித்துத் தங்குவது அவர் கனவிலும் எண்ணாத காரியம். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையிடம் சொன்னார்:

"மறைக்கச் சொன்னது நான்தான் சம்பந்தி. புருஷன்கிட்டயாவது சொல்லிடறேன்னு இவ அப்பவே கேட்டா. நான்தான் விடல."

அத்தை கட்டில் விளிம்பில் மடித்து வைத்திருந்த குழந்தைத் துணியை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தார்.

"இவ சொல்லிகீறா" என்றார். "உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன். துணிமணிய எடுத்துகினு வாங்க. எங்க வூட்ல துன்னா ஒண்ணும் கொறஞ்சிடமாட்டீங்க."

மறுநாள் காலை அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் உடன் சென்றேன். அன்று பகலுணவுக்கு முடிச்சூர் வீட்டின் கூடத்தில் இலை போட்டு அம்மாவை அமரவைத்தார் அத்தை. மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா முதல் கவளத்தைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு உண்டார். குழம்பில் புளி தூக்கல் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

உள்ளறையில் குழந்தை அழத் தொடங்கியது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து எழப்போனார்கள்; கை எச்சிலாக இருந்ததால் அம்மா அப்படியே அமர்ந்துவிட்டார். அத்தை போய்த் தூக்கினார். தட்டிக்கொடுத்தார், தோளில் மாற்றிப் போட்டார், தம் ஊர்த் தாலாட்டில் இரண்டு வரி பாடிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. அறை வாசற்படியில் நின்று கூடத்தைப் பார்த்து அழைத்தார்.

"சம்பந்தி, கையக் கயுவிட்டு வாங்க. எனுக்குப் புர்ல. நீங்க ரெண்டு பொண்ணு பெத்தவங்க, வந்து பாருங்க."

அம்மா இலையை மடிக்காமலே எழுந்தார்.